வாய்க்குள்ள ஒண்ணுமில்ல

வேணாம் தாயி, நீ சாப்பிடு. ஆரஞ்சு எனக்கு ஆகாது. ஒரு சுளைய வாயில வச்சேன்னா மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வரணும். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். குடுக்கணும்னு தோணுச்சுல்ல, அந்த மனசுக்கு நீ நல்லா இருப்ப.

ஜன்னலத் தெறந்து வச்சுக்கட்டுமா? காத்து வாயில பட்டா கொஞ்சம் தேவல. உனக்கு முடி பறக்குதுன்னா சொல்லு, சாத்திர்றேன்.

புண்ணான்னு கேக்குறியா? எல்லாரும் அதத்தான் கேக்குறாக. புண்ணா இருந்தாத்தான் நான் பொழைச்சேனே. புண்ணு இல்ல, கொப்புளம் இல்ல, வீக்கம் இல்ல, வெள்ளை படியல. இந்தா பாரு, ஆ... எதாச்சும் தெரியுதா? தெரியாது. வாய்க்குள்ள ஒண்ணுமில்ல. ஆனா எரியுது. இந்தா, உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கையிலயே எரியுது. நாக்கு நுனி, மேலண்ணம், கீழ் உதட்டுக்கு உள்பக்கம். கொதிக்கிற டீயத் தெரியாம வாயில ஊத்திப்புட்டா ஒரு காந்தல் காந்தும்ல? அது உனக்குச் செத்த நேரத்துல போயிரும். எனக்குப் போகாது. காலையில எந்திரிக்கையில லேசா இருக்கும். வெயில் ஏற ஏற ஏறும். சாயங்காலம் ஆச்சுன்னா மிளகாய அரைச்சு அப்புன மாதிரி.

பேசுனா இன்னும் கூடும். அதனால நான் யார்கிட்டயும் பேசுறதே இல்ல. பேச்சையே விட்டுப்புட்டேன்னு வையி.

என் பேரு பவுன்தாய். போடியில மெஸ் வச்சிருக்கோம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நீ போடிதான? அப்ப உங்க வீட்ல ஆம்பளைகளக் கேட்டுப் பாரு, தெரியும். ஏலக்கா வியாபாரிக, கோர்ட்டு குமாஸ்தாக்க, வாத்தியாருக எல்லாம் நம்மகிட்டத்தான் மதியச் சாப்பாடு. எங்க வீட்டுக்காரரு பேரு வீரணன். அவரு எலை போடுவாரு, பரிமாறுவாரு, கல்லாவுல உக்காருவாரு. அடுப்படி பூரா நான்தான். குழம்பு கொதிக்கையில கரண்டியால தொட்டு உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்குவேன். அம்புட்டுத்தான். உப்பா, புளியா, இன்னொரு கொதி வரணுமா, எல்லாத்தையும் நாக்கு சொல்லிரும். எலும்புக் குழம்புக்குன்னே சின்னமனூர்ல இருந்து ஆளு வரும். பெருமைக்குச் சொல்லல. இருந்ததச் சொல்றேன்.

இது எப்ப வந்துச்சுன்னா, தீட்டு நின்னதுக்கு அப்பறம். ஏன் தலையக் குனியுற, பொம்பளைக்குப் பொம்பளை சொல்றதுல என்ன? நின்னப்ப எனக்குச் சந்தோசம்தான். இனி துணி அலசுற வேலை இல்ல, எந்த நாளும் கோயிலுக்குப் போகலாம், வயித்தப் புடிச்சுக்கிட்டு அடுப்புல நிக்க வேணாம்னு நெனச்சேன். திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும், வேர்த்து ஊத்தும். அடுப்படியில நிக்கிறவளுக்கு வேர்வை என்ன புதுசா? அத நான் கணக்குலயே எடுக்கல. அப்பறம் ஒரு நாள் பல்லு வெளக்கையில நாக்கு நுனி சுரீர்னுச்சு. பேஸ்ட்டுதான் சரியில்லன்னு நெனச்சு மாத்துனேன். அப்பறம் காப்பிச் சூடுன்னு நெனச்சேன். ஆத்திக் குடிச்சேன். அப்பறம் காப்பியவே விட்டேன். அது விடல.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். செல்போன் லைட்ட அடிச்சுப் பாத்தாரு. “செவசெவன்னு நல்லாத்தான இருக்கு பவுனு”ன்னாரு. நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்கு வந்த கேடு.

மணத்தக்காளிக் கீரை தின்னேன். தேங்காப்பால் குடிச்சேன். வெண்ணெயத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். அகத்திக்கீரை, அதிமதுரம், யாரு என்ன சொன்னாலும் செஞ்சேன். எங்க தெரு டாக்டரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு, ஒண்ணும் ஆகல. பல் டாக்டர்ட்ட போனா, “இந்தக் கடைவாய்ப் பல்லு கூரா இருக்கு, நாக்குல ஒரசுது”ன்னு புடுங்கிட்டாரு. பல்லும் போச்சு, எரிச்சலும் போகல. தேனியில ஒரு பெரிய டாக்டரு ரத்தத்த எடுத்துப் பாத்தாரு. சர்க்கரை இல்ல, ரத்தத்துல கொறை இல்ல. கடைசியில உதட்டுக்கு உள்ள இருந்து துளியூண்டு சதைய வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்புனாக. எதுக்குன்னு அவுக சொல்லல. நமக்குத் தெரியாதா?

ரிசல்ட்டு வந்துச்சு. ஒண்ணுமில்லன்னு. எங்க வீட்டுக்காரரு ஓடிப்போய்க் கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு வந்தாரு. நான் பாத்திரம் வெளக்குற எடத்துல போய் உக்காந்து அழுதேன். வாய விட்டுச் சொல்லக் கூடாது தாயி, ஆனா சொல்றேன். அது அந்த நோயாவே இருந்திருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கு ஒரு பேரு இருக்கு. அதச் சொன்னா நாலு பேரு வந்து பாப்பாக, கையப் புடிச்சுக்குவாக. எனக்கு என்ன இருக்கு? எரியுதுன்னு சொன்னா, எங்க காட்டு பாப்போம்ங்குறாக. காட்டுனா, ஒண்ணுமில்லையேங்குறாக. அதுக்கு மேல பேச்சே இல்ல.

இதுல இன்னொரு கூத்து. சோறு தின்னையில எரிச்சல் கொஞ்சம் அடங்கும். காரம் புளிப்பு இல்லாம, தயிர்சோறு, வெறும் இட்லி, வெள்ளரிக்கா இப்பிடி எதாச்சும் மென்னுக்கிட்டே இருந்தா அது தெரியாது. சும்மா இருந்தாத்தான் எரியும். இத எவன்கிட்டயாவது சொல்ல முடியுமா? என் நாத்தனா ராக்கம்மா இருக்காளே, அவ மெஸ்ஸுல அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்றா: “தின்னா எரியாதாம், வேலை செஞ்சா எரியுமாம். நல்ல நோயா இருக்கே, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு.” எல்லாரும் சிரிச்சாக. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு என்னயப் பாத்தாரு, அப்பறம் நிறுத்திக்கிட்டாரு. ஆனா சிரிச்சாருல்ல?

ராக்கம்மா அதோட விட்டாளா? “நீ வாயால கொட்டாத ஆளு உண்டா பவுனு, அதான் சாமி வாயிலயே வச்சுருச்சு”ன்னா. நான் யாரக் கொட்டுனேன்? மனசுல பட்டதச் சொல்லுவேன். நல்லதுக்குத்தான் சொல்லுவேன்.

இது ஆண்டிபட்டியா? ஆமா, ஆண்டிபட்டிதான். செத்த இரு, தண்ணி குடிச்சுக்கிறேன். இந்தப் பாட்டில்ல பாதி ஐஸுதான், போட்டுக் கொண்டாந்தேன். ஐஸ்கட்டிய வாயில ஒதுக்கிக்கிட்டா மரத்துப் போகும். அது கரையுற வரைக்கும்தான் எனக்கு நிம்மதி.

அடுப்படியிலயும் அப்பிடித்தான் நின்னேன், வாயில ஐஸ்கட்டியோட. அப்பறம்தான் அது நடந்துச்சு. தணிகாசலம் வாத்தியார்னு ஒருத்தரு, அவருக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியிருந்தே நம்மகிட்ட சாப்பிடுறவரு. எலையில ஒரு வாய் வச்சாரு. அப்பிடியே எலைய மடிச்சாரு. “வயிறு சரியில்லம்மா”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரு குழம்புல வெரல வச்சு நக்கிப் பாத்துட்டு, “ரெண்டு தடவ உப்புப் போட்டிருக்க பவுனு”ன்னாரு. நான் நக்கிப் பாத்தேன். எனக்கு ஒரு எழவும் தெரியல. பித்தளைக் கரண்டிய நக்குன மாதிரி ஒரு வாடைதான் வந்துச்சு. எப்பவும் இருக்குற வாடைதான் அது. உப்பும் அதுதான், புளியும் அதுதான், சர்க்கரையும் அதுதான்.

மறுபடியும் ஒரு நாள் அப்பிடி ஆச்சு. மறுபடியும் ஆச்சு. கூடலூர்ல இருந்து ஒரு மாஸ்டரக் கூட்டியாந்தாரு. “நீ ரெஸ்ட் எடு பவுனு, இம்புட்டு நாள் அனல்ல நின்னது போதும்”னாரு. ரெஸ்ட்டாம். நான் இப்ப என்ன செய்றேன் தெரியுமா? என் அடுப்படியிலயே ஒரு மூலையில பலகையப் போட்டு உக்காந்து சின்ன வெங்காயம் உரிக்கிறேன். “நீங்க எந்திரிக்காதீக அக்கா, நான் பாத்துக்கிறேன்”ங்குறான் அந்த மாஸ்டரு. தணிகாசலம் வாத்தியாரு திரும்ப வந்தாரு. சாப்பிட்டு முடிச்சு, உள்ள எட்டிப் பாத்து, “அம்மா, இன்னைக்குக் குழம்பு பிரமாதம்”னு சொல்லிட்டுப் போனாரு. நான்தான் வச்சேன்னு நெனச்சுக்கிட்டாரு. வெங்காயம் உரிக்கிறவ கண்ணுல தண்ணி வந்தா யாரு கேக்கப் போறா?

இந்த நேரத்துலதான் எம் மக வந்தா.

செவ்வந்தின்னு பேரு. ஒரே மக. டிகிரி படிச்சிருக்கா. மதுரையில குடுத்திருக்கோம். மாப்ள பேங்க்ல இருக்காரு, குமரகுருன்னு பேரு. தங்கமான மனுசன். குடி கெடையாது, பீடி சிகரெட்டு கெடையாது, ஒரு நாள் கை நீட்டுனது கெடையாது. சத்தம் போட்டுப் பேசி நான் பாத்ததே இல்ல. அப்பிடிப்பட்ட வீட்ல இருந்து ஒரு பையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா.

“என்னடி?”ன்னேன்.

“அவரு என்கிட்ட பேசுறதில்லம்மா”ன்னா.

“பேசாட்டி என்ன? சண்டையா?”

“சண்டை இல்ல. பேச்சே இல்ல. சோத்துல முடி கெடந்துச்சுன்னு ஒரு நாள் எந்திரிச்சுப் போனாரு. அன்னையிலிருந்து பேசல. நான் எடுத்து வைக்கிற சோத்தக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிட்டு வெளிய போய்ச் சாப்பிட்டு வர்றாரு. நான் ஒரு ரூம்புக்குள்ள போனா அவரு வெளிய போயிர்றாரு. வீட்டுக்கு ஆளு வந்தா நல்லாப் பேசுறாரு. போனதும் நிறுத்திர்றாரு. நான் அங்க இருக்கேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கும்மா.”

நீயே சொல்லு, இதெல்லாம் ஒரு குத்தமா? எங்க வீட்டுக்காரரு பேசுற பேச்சுக்கு, இந்த மனுசன் ஒரு நாளாச்சும் பேசாம இருக்க மாட்டாரான்னு நான் ஏங்கியிருக்கேன். நான் கேட்டேன்: “அடிச்சாரா?” இல்லன்னா. “வேற பொம்பள சகவாசம் உண்டா?” இல்லன்னா. “மாமியாக்காரி கொடுமையா?” அவுகதான் செத்துப் போயிட்டாகளேன்னா. “அப்ப என்னடி உனக்கு? ஒரு காயம் உண்டா, ஒரு தழும்பு உண்டா, எங்க, காட்டு பாப்போம்”னேன்.

“காட்டுறதுக்கு ஒண்ணுமில்லம்மா”ன்னா.

அவ வாயாலயே சொல்லிட்டா பாத்தியா, ஒண்ணுமில்லன்னு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எல்லாம் மனசுலதான். சும்மா உக்காந்திருந்தா மனசு அதையும் இதையும் கெளப்பத்தான் செய்யும். “நாலு நாள் இருந்துட்டுப் போ”ன்னேன். எங்க வீட்டுக்காரரு மட்டும் மெதுவா, “இருக்கட்டும் பவுனு, புள்ள மெலிஞ்சு போயிருக்கு”ன்னாரு. ஆம்பளைக்கு மகன்னா அப்பிடித்தான். ஊரு என்ன பேசும்னு அவுகளுக்கு என்ன கவலை?

ஆனா ஒண்ணு சொல்லணும். வந்ததும் வராததுமா அவதான் கேட்டா. “என்னம்மா, வாயில ஐஸ வச்சுக்கிட்டு நிக்கிற?”ன்னு. சொன்னேன். மத்தவுக மாதிரி வாயத் தெற பாப்போம்னு சொல்லல. “எப்ப கூடுதலா இருக்கும், எப்ப கம்மியா இருக்கும்? காலையிலயா சாயங்காலமா? தூக்கத்துல தெரியுமா?”ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. தின்னையில எரியாதுன்னு நான் பயந்து பயந்துதான் சொன்னேன். அவ சிரிக்கல. செல்போன வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சா. படிச்சுட்டு வந்து என் பக்கத்துல வெங்காயத்துக்கு முன்னாடி உக்காந்து, “நெறையப் பேருக்கு இருக்கும்மா. நீ சொல்றது அம்புட்டும் அப்பிடியே போட்டிருக்கு. உனக்கு எரியுது. நான் நம்புறேன்”னா.

எனக்கு எப்பிடி இருந்துச்சுங்குற. தோள்ல இருந்து ஒரு மூட்டைய எறக்குன மாதிரி இருந்துச்சு. சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, நல்லா ஆறவச்சு, பால் ஊத்தி அவதான் குடுப்பா. மதுரையில ஒரு டாக்டர விசாரிச்சுக் கண்டுபுடிச்சதும் அவதான்.

கூட்டிட்டுப் போனா. பொம்பள டாக்டரு, உன்னய விட நாலு வயசு கூட இருக்கும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவத் தொடல. பழைய காகிதத்த எல்லாம் பாத்தாக. வாயத் தெறந்து பாத்தாக. அப்பறம் சொன்னாக: “பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காதும்மா. அதுதான் இந்த நோயே. உங்களுக்கு எரியுதுன்னு நீங்க சொன்னா எரியுதுதான்.”

அந்த எடத்துலயே ஓன்னு அழுதுட்டேன் தாயி. செவ்வந்தி என் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே நின்னா. ஒருத்தரு வாயில இருந்து, ஆமா உனக்கு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தா பாதி வலி போயிரும். மருந்து எல்லாம் அதுக்குப் பின்னாலதான். அனுபவிச்சவளுக்குத்தான் அது தெரியும்.

“ஏன் டாக்டரம்மா வருது?”ன்னு கேட்டேன். “சரியாத் தெரியலம்மா. தீட்டு நிக்கிற சமயத்துல சில பொம்பளைகளுக்கு வருது. நரம்புலதான் கோளாறுன்னு நெனைக்கிறோம்”னாக. “போயிருமா?”ன்னேன். “சில பேருக்குக் கொறையும். சில பேருக்கு வருசக்கணக்கா இருக்கும். போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதோட இருக்கப் பழகணும்”னாக. ஒரு மாத்திரை குடுத்தாக. அத வாயில ஒதுக்கி வச்சிருந்துட்டுத் துப்பணும், முழுங்கக் கூடாது. இன்னொண்ணு தூங்கப் போறப்ப. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் வரணும்னு தேதி எழுதிக் குடுத்தாக.

வெளிய வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறோம்னு நெனச்சு செவ்வந்தி ஆட்டோவுல ஏறுனா. நான் ஆட்டோக்காரர்ட்ட மாப்ள வீட்டு அட்ரசச் சொன்னேன். வந்தது வந்தாச்சு, மதுரை வரைக்கும் வந்துட்டு அவளத் திரும்பப் போடிக்கு இழுத்துட்டுப் போவாகளா? அவ என் கையப் புடிச்சா. “வேணாம்மா”ன்னா. “பேசாம வா”ன்னேன். அவ கை சில்லுன்னு இருந்துச்சு, அந்த வெயில்லயும்.

மாப்ளதான் கதவத் தெறந்தாரு. “வாங்க அத்தை, உக்காருங்க. வாய் எப்பிடி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?”ன்னு எம்புட்டு அக்கறையாக் கேட்டாரு. மத்த ஆம்பளையா இருந்தா, எங்கடி போனன்னு பொண்டாட்டிய வாசல்லயே வச்சுக் கேட்டிருப்பான். இவரு அவள ஒரு கேள்வி கேக்கல. எப்ப வந்த, ஏன் போன, ஒண்ணும் கெடையாது. அவ பக்கம் திரும்பக் கூட இல்ல. எம்புட்டுப் பெருந்தன்மை பாரு. அவ உள்ள போய் அவருக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சா. மாப்ள என்கிட்ட பேசிக்கிட்டே அத எடுத்துட்டுப் போய் வாஷ் பேசின்ல ஊத்திட்டு வந்து உக்காந்தாரு. சூடு பத்தல போல. சூடாக் குடுடின்னு சைகை காட்டுனேன். அவ அந்தக் காலி டம்ளரையே பாத்துக்கிட்டு நின்னா.

அவள அங்க விட்டுட்டு நான் கெளம்பையில வாசல் வரைக்கும் வந்தா. “மாத்திரைய முழுங்கிறாதம்மா”ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. போடியில கெடந்த அவ பைய அப்பறமா பஸ் கண்டக்டர்ட்டக் குடுத்து அனுப்பி வச்சேன்.

மாத்திரை? மொதல்ல கேட்டுச்சு. ரெண்டு வாரம் காலையில காந்தலே இல்லாம எந்திரிச்சேன். திரும்பவும் கரண்டியப் புடிச்சுரலாம்னு கூட நெனச்சேன். ஒரு நாள் ஆசையா குழம்ப உள்ளங்கையில விட்டுப் பாத்தேன். அதே பித்தளை வாடை. அப்பறம் எரிச்சலும் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிச்சுருச்சு. இப்ப மாத்திரை போட்டாலும் எரியும், போடாட்டி இன்னும் கூடுதலா எரியும். வித்தியாசம் அம்புட்டுத்தான். இனி போகாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. சாகுற வரைக்கும் இந்த வாயோடதான். என்ன செய்றது?

செவ்வந்தி அப்ப தெனமும் போன் போடுவா. மாப்ள பேங்க்குக்குப் போனதும் போடுவா. “இன்னைக்கு எப்பிடிம்மா இருக்கு?”ம்பா. நான் ஆரம்பிச்சேன்னா என் பாடு அம்புட்டையும் சொல்லி முடிக்காம விட மாட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. “இருக்கியாடி?”ம்பேன். “இருக்கேம்மா. நீ பேசு. ஒரு ஆளு பேசிக் கேட்டு நாளாச்சு”ம்பா. பாசமான புள்ளதான். அவ எப்பிடி இருக்கான்னா? அதக் கேக்க எங்க நேரம், எனக்கு வாயே அதுக்குள்ள எரிய ஆரம்பிச்சுரும். நல்லாத்தான் இருந்திருப்பா. இல்லாட்டிச் சொல்லியிருக்க மாட்டாளா?

அப்பறம் போன் கொறைஞ்சுச்சு. அப்பறம் நின்னே போச்சு. பெத்த தாயி இப்பிடிக் கெடக்குறாளே, ஒரு போன் போட்டு என்னன்னு கேப்போம்னு இல்ல பாரு. அதுதான் எனக்கு வாய விடப் பெரிய எரிச்சல்.

கடைசியில மாப்ளதான் போன் போட்டாரு. பதட்டமே இல்லாம நிதானமாச் சொன்னாரு: “அத்தை, உங்க மக வீட்ல இல்ல. எங்க போனான்னு எனக்குத் தெரியாது. இங்க ஒண்ணுமே நடக்கல.” நகை எல்லாம் பீரோவுல அப்பிடியே இருக்காம். படிச்ச சர்டிபிகேட்ட மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா. அவ போன் அணைஞ்சே கெடக்கு.

போன வச்சதும் எங்க வீட்டுக்காரர்ட்ட ஓடுனேன். அவரு ஆடல, அசங்கல. எலைய நறுக்கிக்கிட்டே இருந்தாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. “உங்களுக்குத் தெரியும்ல?”ன்னேன். “தெரியும்”னாரு. “எங்க இருக்கா?” “நல்லா இருக்கா. வேலைக்குப் போறா. அது போதும்.” “எங்கன்னு சொல்லுங்க.” “சொல்ல மாட்டேன் பவுனு”ன்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் என்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்ல. அழுதேன், மண்டையச் செவத்துல முட்டிக்கிட்டேன், சோறு தின்னாம கெடந்தேன். தின்னாம கெடந்தா எனக்குத்தான் எரியும், ஆனாலும் கெடந்தேன். சொல்லல. புது நம்பர் ஒண்ணு வாங்கியிருக்கா, அதையும் குடுக்கல.

உசிலம்பட்டி தாண்டியாச்சா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, டாக்டரம்மா எழுதிக் குடுத்த தேதி இன்னைக்குத்தான். தனியாத்தான் போறேன். ஆனா நேத்து எங்க வீட்டுக்காரர்ட்ட ஒண்ணு சொன்னேன். “என்னால முடியல. வாய் ரொம்ப எரியுது. டாக்டரம்மா சொல்றது எனக்கு வெளங்காது. எம் மக கூட வந்தாத்தான் போவேன், இல்லாட்டி இந்த வாயோடயே செத்துப் போறேன். அவ எங்க இருக்கான்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரச் சொல்லுங்க. பாத்துட்டு அவ பாட்டுக்குப் போகட்டும்”னேன். என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் மெஸ்ஸுக்குப் பின்பக்கம் போய் போன் போட்டாரு. எனக்குக் காதுல விழுந்துச்சு. “உங்கம்மாவுக்கு ரொம்ப முடியல பாப்பா, அழுவுறா.” அப்பறம் வந்து, “வர்றேன்னு சொல்லிருச்சு”ன்னாரு.

நான் மாப்ளைக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தன மணின்னு. பேங்க்ல லீவு சொல்லிட்டு வாசல்லயே நிக்கிறேன்னாரு. “நீங்க கவலைப்படாதீங்க அத்தை, நான் கூட்டிட்டுப் போயிர்றேன்”னாரு. ஒரு கோவம் இல்ல, ஒரு கடுகடுப்பு இல்ல. ஓடிப்போனவளத் திரும்பச் சேத்துக்குறவன் எத்தன பேரு இருக்கான் இந்த ஒலகத்துல? இத எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லல. சொன்னா கெடுத்துருவாரு.

ஏன் தாயி அப்பிடிப் பாக்குற? நான் பொய்யா சொன்னேன்? வாய் எரியுதுன்னு சொன்னேன். எரியத்தான செய்யுது.

அவளுக்குப் போன் போடணுமா? எதுக்கு? வர வேணாம்னு சொல்லவா? நல்லா சொன்ன போ. அவ நம்பருதான் என்கிட்ட இல்லையே. இருந்தாலும் எதுக்குச் சொல்றேன்? மாப்ளையும் ஒண்ணும் செய்ய மாட்டாரு. இவளுக்கும் ஒரு கொறை இல்ல. வீடு இருக்கு, வாசல் இருக்கு. நாலு நாள்ல பழகிரும். நான் பழகிக்கிடல? டாக்டரம்மாவே சொல்லிட்டாகளே, அதோட இருக்கப் பழகணும்னு.

ஏன் எந்திரிக்கிற? ஆரப்பாளையம் இன்னும் எம்புட்டு தூரம் இருக்கு. அங்கிட்டுப் போய் உக்காரப் போறியா? சரி, வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்குது. போ தாயி.

வராம இருக்க மாட்டா. எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா. எனக்கு எரியுதுன்னு சொன்னா நம்புறவ அவ ஒருத்திதான்.